மாமியாவா, ஹாசல்பிளாடா?

போன வாரம் ஹைதராபாத்திலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். என்னை மாதிரியே பொட்டி தட்டுற பொழப்புதான் அவனுக்கும். போனஸ் வந்திருக்காம். "அண்ணே, மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஹாசல்பிளாட் வாங்கிரவா? இல்ல மாமியா ஆர்பி67 போதுமா?" என்றான்.

பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தங்கமணி காதில் 'மாமியா' மட்டும் விழுந்திருக்கு. "ஏங்க, இருக்கிற ஒரு மாமியார் போதாதா? இன்னொண்ணு வேறயா?" என்று ஒரு போடு. நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன் :-)

அவனுக்கு அன்னைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஊரை விட்டு வந்து, வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ ஊருக்குப் போகிற நம்மைப் போன்ற ஆட்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் வேற மாதிரி. அதைச் சாவகாசமாக இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. அவரிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. நாற்பது வயசைத் தாண்டினவங்களுக்குத் தெரியும், பரோடாவில் தயாரான கறுப்பு டப்பா. ஃபோகஸ் பண்ண ஒண்ணும் கிடையாது. வெயிலில் நிக்க வைக்கணும், அமுக்கணும், அவ்வளவுதான். ஒரு ரோலுக்கு 12 படம். சதுரமா, வெள்ளை பார்டர் வச்சு, உள்ளங்கை அளவுக்குக்கூட இல்லாத பிரிண்ட். உங்க வீட்டு ஆல்பத்திலும் கறுப்பு அட்டையில் முக்கோண மூலை ஒட்டி நாலு படமாவது இருக்கும், ஊருக்குப் போகும்போது எடுத்துப் பாருங்க.

2012-ல் அப்பா போன பிறகு பீரோவை ஒழிக்கும்போது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே நெகட்டிவ். ஒவ்வொண்ணும் 6 செ.மீ. சதுரம். மூணு துண்டு ஈரத்தில் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் வீணாகியிருந்தது. மீதியை மும்பைக்குக் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணினேன். கம்ப்யூட்டர் திரையில் ஆச்சி முகம் பெரிசா வந்து நின்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆல்பத்தில் தபால் தலை மாதிரி பார்த்த படம். அதில் ஆச்சி காதில் பாம்படம் தொங்குது. சேலைக் கட்டம் தெரியுது. பின்னாடி சுவரில் சாணி மெழுகின விரல் தடம் தெரியுது. அந்தப் பாம்படம் அப்பாவோட தங்கச்சி கல்யாணத்துக்காக வித்துப்போனது. அதை நான் நேரில் பார்த்ததே கிடையாது.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. மீடியம் ஃபார்மட் என்று இன்னைக்கு நாம ஏதோ பெரிய வார்த்தையாச் சொல்றோமே, அது அந்தக் காலத்துல நம்ம அப்பாமார் கையில் இருந்த சாதாரண டப்பாதான். 120 ஃபிலிமை கோடாக் 1901-லேயே கொண்டுவந்துவிட்டது. ஓரத்தில் பல் ஓட்டை கிடையாது, பின்னாடி ஒரு காகிதம், அதில் நம்பர். இன்னைக்கும் அதே ஃபிலிம், அதே அகலம். அப்பாவோட கிளிக் 3-ல் இப்போது வாங்கின ரோலைப் போட்டாலும் ஓடும். நம்ம ஊட்டியிலேயே, 1960-ல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் போட்டார்கள். அதை மூடியாச்சு. ஹூம், அது ஒரு தனிக் கதை.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு சொல்லணும். என் பொண்ணு பிறந்தது 2006. முதல் நாலு வருஷப் படம் பூராவும் டிஜிட்டல். ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். 2011-ல் ஒருநாள் 'டிக் டிக்'னு சத்தம் வந்தது, முடிந்தது. சொந்தக்காரங்களுக்கு அனுப்பின மெயிலில் இருந்து முப்பத்துச் சொச்சம் படம் மீட்டேன், எல்லாம் சின்ன சைஸ். டிஜிட்டல் மோசம்னு சொல்ல வரல. பேக்கப் எடுக்காதது என் தப்பு. ஆனா அப்பாவும் எதையும் பத்திரமாப் பார்த்துக்கல. அவர் டப்பாவில் போட்டதோட மறந்துட்டார். அவரோட மறதியைத் தாங்கின பொருள், என்னோட மறதியைத் தாங்கல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கணக்கு முதல்ல. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24×36 மி.மீ. 6×6 என்று சொன்னாலும் நிஜத்தில் 56×56 மி.மீ. தான், ஆனாலும் பரப்பளவு மூணரை மடங்குக்கு மேல. 6×4.5 என்றால் ஏறக்குறைய 2.7 மடங்கு. 6×7 என்றால் நாலரை மடங்கு. அதே ரோலில் 6×4.5-க்கு 15 அல்லது 16 படம், 6×6-க்கு 12, 6×7-க்கு 10. ஃபிலிம் விலை, கழுவுற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ரோலுக்கு 1,500 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க. ஒரு தடவை அமுக்கினால் 6×4.5-ல் 94 ரூபாய், 6×6-ல் 125, 6×7-ல் 150. 'கண்ணை மூடிட்டாங்க, இன்னொண்ணு' என்று சொல்லும்போது இந்த நம்பர் மண்டைக்குள் ஓடும். ஓடட்டும், தப்பில்ல.

இந்தக் கணக்கைப் பார்த்து நானும் 2013-ல் 645-ல் தான் ஆரம்பிச்சேன். படம் நிறைய, எடை கம்மி. செகண்ட் ஹேண்டில் ஒரு எலக்ட்ரானிக் மாடல், பேர் வேண்டாம். பேட்டரி இருந்தால்தான் ஷட்டர் வேலை செய்யும். ரெண்டு ரோல் போட்டுப் பார்த்தேன், பிரமாதம். 2014 பொங்கலுக்கு ஊருக்குத் தூக்கிட்டுப் போனேன். வாங்கினதே ஆச்சிக்காகத்தான். பாம்படம் போன பிறகு தோள் வரைக்கும் தொங்குகிற அந்த வெறும் காதை, திண்ணையில் உட்கார வைச்சு, பக்கத்தில் இருந்து எடுக்கணும்னு ஆசை. அப்பா எடுத்த படத்துக்கு ஜோடியா.

ஆச்சி வெள்ளைச் சேலை மாத்தி, தலைக்கு எண்ணெய் வச்சு, உட்கார்ந்தாச்சு. நான் ஃபோகஸ் பண்ணி அமுக்கினேன். 'க்ளக்'. கண்ணாடி மேல போச்சு, கீழ வரல. பேட்டரி மாத்தினேன். கோவில்பட்டிக்கு பைக்கில் போய் புது பேட்டரி வாங்கிட்டு வந்தேன். ம்ஹூம். "சரி விடு ராசா, அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கலாம்"னு ஆச்சிதான் என்னைத் தேத்தினாங்க. மும்பையில் ரிப்பேர்காரர் திறந்து பார்த்துட்டு, போர்டு போயிருச்சு, இதுக்குப் பார்ட்ஸ் கிடையாதுன்னு கையை விரிச்சிட்டார். அந்த வருஷம் ஆவணியில் ஆச்சி போயிட்டாங்க. அன்னைக்கு என் போனில் எடுத்த படம் ஒண்ணு இருக்கு. திண்ணை நிழலில், கொஞ்சம் கலங்கலா. அதைத்தான் பெரிசு பண்ணி மாலை போட்டிருக்கோம்.

அதனால என் அபிப்பிராயம் ஒருதலைப்பட்சமானதுதான், முன்னாடியே ஒத்துக்கிறேன். லென்ஸ் கூர்மை, பிராண்ட், படத்தோட குணம் இதெல்லாம் அப்புறம். நம்ம கேமரா நாம போற இடத்தில், நாம போற நாளில் வேலை செய்யணும். கெட்டுப்போனால் நாம இருக்கிற ஊரில் ஒரு மனுஷன் அதைத் திறந்து சரிபண்ணத் தெரிஞ்சவரா இருக்கணும். எலக்ட்ரானிக் கேமரா எல்லாமே உதவாதுன்னு சொல்ல மாட்டேன், நல்லா ஓடிட்டிருக்கிறது ஆயிரம் இருக்கும். ஆனா முப்பது நாற்பது வருஷப் பழைய சர்க்யூட்டை நம்பி, வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கிற முகத்தை எடுக்கப் போகாதீங்க. பல்லும் ஸ்பிரிங்கும் மட்டும் உள்ள கேமரா போதும்.

645-க்கு இன்னொரு சங்கடமும் இருக்கு. யாரும் வாங்கும்போது சொல்றதில்ல. மேலிருந்து குனிஞ்சு பார்க்கிற ஃபைண்டர் போட்டால் படுக்கைவாட்டுப் படம்தான் சௌகரியம். ஆளை நெட்டுக்குத்தா எடுக்க கேமராவைச் சாய்த்தால், குனிஞ்சு பார்க்கவே முடியாது. பிரிஸம் தனியா வாங்கணும், எடை ஏறும். சதுரத்தில் இந்தத் தொல்லையே இல்ல.

இப்போ ஆர்பி67. 1970-ல் வந்தது. ஆர்பி என்றாலே பின்பக்கம் சுழலும் என்றுதான் அர்த்தம், கேமராவைச் சாய்க்காமல் பின்பக்கத்தை மட்டும் திருப்பி நெட்டுக்குத்தாக எடுக்கலாம். பேட்டரி கிடையாது. பெல்லோஸ் இருப்பதால் முகத்துக்குப் பக்கத்தில் போய் ஃபோகஸ் பண்ணலாம். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர். ஆபீஸ் நண்பர் ஒருத்தரிடம் கடன் வாங்கி ரெண்டு மாசம் வச்சிருந்தேன். படம்னா படம், அப்படி ஒரு படம்! ஆனா லென்ஸும் பின்பக்கமும் மாட்டினா ரெண்டே முக்கால் கிலோ பக்கத்தில் வருது. அதைத் தாங்குற ட்ரைபாட் வேற. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒண்ணரை நாள் பயணம், கூட ரெண்டு பசங்க, திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கிற கருப்பட்டி, கடலை மிட்டாய், இட்லிப்பொடி. ஆர்பியைத் தூக்கணும்னா கருப்பட்டியை இறக்கணும். எங்க வீட்டில் அது நடக்காது. வீட்டிலேயே ஒரு மூலையில் நிறுத்தி, வர்றவங்களை உட்கார வைச்சு எடுக்கப் போறீங்கன்னா கண்ணை மூடிட்டு ஆர்பி67 வாங்குங்க. ஆர்இசட்67 வேற, அது 1982-ல் வந்த எலக்ட்ரானிக் ஷட்டர் மாடல். விற்கிறவர் ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா நம்பிடாதீங்க.

பென்டாக்ஸ் 67 பத்தி தம்பி கேட்கல, ஆனா அடுத்து கேட்பான். பார்க்க அழகு, சாதாரண எஸ்எல்ஆரை ஊதிப் பெருக்கின மாதிரி. 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். அதுக்கும் பேட்டரி வேணும். கண்ணாடி தூக்கும்போது கதவை அறைஞ்ச மாதிரி சத்தம். ஃப்ளாஷ் 1/30 வேகத்துக்கு மேல ஒத்துவராது. தூங்குற குழந்தையை எடுத்தீங்கன்னா முதல் படத்தில் தூங்கும், ரெண்டாவது படத்தில் அழும்.

ஹாசல்பிளாட். தம்பியோட கனவு. 1957-ல் வந்த 500சி, 1970-ல் வந்த 500சி/எம், ரெண்டும் பேட்டரி இல்லாமல் ஓடுறவை. அதே குடும்பத்துக் கேமரா 1969-ல் நிலாவுக்கே போயிட்டு வந்தது. கையில் எடுத்தாலே ஒரு கனம், ஒரு நேர்த்தி. 80 மி.மீ. பிளானர் லென்ஸைக் குறை சொன்னால் எனக்கு வாய் வெந்துபோகும். பின்பக்கத்தைக் கழட்டி மாத்தலாம், பாதி ரோலில் கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்குத் தாவலாம். ரொம்ப ஆசைப்பட்டா, 2024-ல் வந்த 100 மெகாபிக்ஸல் டிஜிட்டல் பேக்கை அந்தப் பழைய உடம்பிலேயே மாட்டலாம் (விலையைக் கேட்டால் கார் வாங்கிடலாம்னு தோணும்).

பின்ன ஏன் வேண்டாங்கிறேன்? பயம். ஒரு வாரம் இரவல் வாங்கி வச்சிருந்தேன். அந்த வாரம் பூராவும் நான் படம் எடுக்கல, காவல்தான் காத்தேன். பொண்ணு பக்கத்தில் வந்தால் "தொடாதே"ன்னு கத்தினேன். ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. அதில் உடம்பும் லென்ஸும் ரெண்டுமே முடுக்கின நிலையில் இருந்தால்தான் லென்ஸைக் கழட்டி மாட்டணும். தவறினால் சிக்கிக்கும், ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திருப்பணும். பழகினவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா ஊரில் கல்யாண வீட்டில், மச்சான் ஒருத்தன் "குடுங்க அத்தான் பாப்போம்"னு வாங்கித் திருகுற இடத்தில்? தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகல, தங்கச்சி படிச்சிட்டிருக்கா. அந்தப் போனஸில் முக்கால்வாசியைத் தூக்கி ஒரு டப்பாவில் போட்டால், அந்த டப்பாவை அவன் ஊருக்கே கொண்டுபோக மாட்டான். பீரோவில் சிலிகா ஜெல்லோட தூங்கும்.

சிலிகா ஜெல்னதும் ஞாபகம் வருது. மும்பையோ சென்னையோ, மழை மாசத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பழைய லென்ஸ் வாங்கும்போது பின்னாலிருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி நூல் மாதிரி தெரிஞ்சா, எவ்வளவு மலிவா இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க. வாங்கின பிறகு பூட்டி வைக்காதீங்க. காத்தும் வெளிச்சமும் படட்டும்.

அப்ப என்னதான் வாங்குறது? இரட்டைக் கண் கேமரா. மேல ஒரு லென்ஸ் பார்க்க, கீழ ஒரு லென்ஸ் எடுக்க. ரோலிஃபிளெக்ஸ் 1929-ல் பிரபலமாக்கின வடிவம். ரோலிஃபிளெக்ஸ் விலை இப்போ எட்டாது. யாஷிகா மேட் 124ஜி எட்டும். 80 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், 1/500 வரைக்கும் வேகம், எல்லாம் மெக்கானிக்கல். உள்ளே இருக்கிற மீட்டருக்கு மட்டும் பாதரச பேட்டரி வேணும், அது இப்போ தயாரிக்கிறதில்ல. கவலையே படாதீங்க, போனிலேயே மீட்டர் ஆப் இருக்கு. தூக்கும் கண்ணாடி கிடையாது, அதனால சிக்குறதுக்கும் ஒண்ணுமில்ல. 'ச்சிக்'னு ஒரு சத்தம், அதுவும் பக்கத்தில் இருக்கிறவங்களுக்கே கேட்காது. 1/30-ல் கூட கையில் பிடிச்சு எடுக்கலாம்.

இன்னொரு விசேஷம் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். கண்ணுக்கு நேரா கேமராவைத் தூக்கினா நம்ம ஊர்ப் பெரியவங்க விறைச்சுப் போயிடுவாங்க, போலீஸ் ஸ்டேஷனில் நிக்கிற மாதிரி. இரட்டைக் கண் கேமராவில் நாம தலையைக் குனிஞ்சுக்கிறோம். அவங்க நம்ம உச்சந்தலையைத்தான் பார்க்கிறாங்க. "என்னடா முடி இப்படிக் கொட்டிப்போச்சு"ன்னு அத்தை கேட்பாங்க. கேட்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதான் படம். (ஃபைண்டரில் இடது வலது மாறித் தெரியும். முதல் ரெண்டு ரோல் தடுமாறுவீங்க. ஓடுற குழந்தையை எடுக்க இது சரிப்படாது, அதுக்கு போன் இருக்கே.)

குறை இல்லாம இல்ல. யாஷிகா ஒரு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. முகத்தை மட்டும் நிறைக்க முடியாது. நான் கடைசியா 2016-ல் ஃபோர்ட் பகுதியில், போரா பஜார் பக்கம் அலைஞ்சு வாங்கினது மாமியா சி220. இது ஆர்பி இல்ல, அதே கம்பெனியோட இரட்டைக் கண். பெல்லோஸ் இருக்கு, பக்கத்தில் போகலாம். லென்ஸ் மாத்தலாம், 80-ம் 135-ம் என்னிடம் இருக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரைக் கையாலே முடுக்கணும், அதை மறந்துட்டு வெறுமனே அமுக்கினது எத்தனையோ தடவை. பக்கத்தில் போகும்போது மேல் கண் பார்க்கிறது வேற, கீழ் கண் எடுக்கிறது வேற. ட்ரைபாட் இருந்தா ஃபோகஸ் பண்ணின பிறகு 5 செ.மீ. உசத்திட்டு எடுக்கணும். மறந்தா நெத்தி வெட்டுப்படும். எங்க பெரியத்தைக்கு ஒரு படத்தில் நெத்தியே கிடையாது, இன்னைக்கும் சொல்லிக்காட்டுறாங்க.

ரயில்ல போறதுதான் ஃபிலிமுக்கு நல்லது. பிளேனில் போனா, புதுசா வர்ற சிடி ஸ்கேன் மெஷினில் கழுவாத ஃபிலிமை விடக்கூடாதுன்னு ஃபிலிம் கம்பெனிகளே சொல்லியிருக்கு. கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க, பொறுமையா. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். 20 டிகிரி தண்ணி வேணும், மே மாசத்தில் எங்க குழாயில் 30 வரும். பக்கெட்டில் ஐஸ் கட்டி போட்டு இறக்கிக்குவேன். அன்னைக்கு ஃபிரிட்ஜில் ஐஸ் இருக்காது, தங்கமணிக்கு எலுமிச்சை ஜூஸும் கிடையாது.

"இவ்வளவு செலவு பண்ணி வருஷத்துக்கு மூணு ரோலா?"ன்னு தங்கமணி கேட்டது நியாயமான கேள்விதான். அந்த வருஷம் பொண்ணோட ஸ்கூல் பீஸ் கட்டுற மாசம் பார்த்து நான் கேமரா வாங்கினேன், அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான். ஆனா ஒண்ணு. 2016-லிருந்து ஊரில் எடுத்த மொத்தப் படமும் ஒரு சாப்பாட்டு டப்பா அளவு பைலில் இருக்கு. அதில் இருக்கிற ஏழு பேர் இப்போ இல்ல. ஏழு பேருமே என் உச்சந்தலையைப் பார்த்துச் சிரிச்சிட்டுத்தான் இருக்காங்க.

தம்பிக்கு நான் சொன்னது இதான்: ஹாசல்பிளாட் காசில் கால்வாசிக்கு நல்ல யாஷிகா மேட் ஒண்ணு தேடு. ஒரு செகண்ட் வேகத்தில் வச்சு அமுக்கி, 'ஆயிரத்தி ஒண்ணு'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூடுதான்னு பாரு. திக்கித் திக்கி மூடினா சர்வீஸ் செலவை விலையில் கழி. அப்புறம் உங்க அப்பாவை ஒரு ரோல் முழுக்க எடு, பன்னிரண்டும் அவரையே. சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகுது.

"அண்ணே, அப்பா போட்டோவுக்கு நிக்கவே மாட்டாரே"ன்னான்.

நிக்க வேண்டாம், உட்காரட்டும். பொங்கலுக்கு நாங்களும் வர்றோம். ரிசர்வேஷன் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கிறான், விடிகாலையிலேயே எந்திரிச்சு உட்கார்ந்திருந்து, எட்டு மணிக்கு டிக்கெட் போட்டாச்சு. ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாடி ஆறு ரோல் இருக்கு. யாஷிகா கிடைக்கலன்னா சி220-ஐ அவனிடமே கொடுத்து எடுக்கச் சொல்லலாம்னு இருக்கேன். ஷட்டரை முடுக்க மட்டும் பக்கத்தில் நின்னு ஞாபகப்படுத்தணும்.